மிருகங்கள் வரும் கிறிஸ்தவச் சிறுவர் படப் புத்தகங்கள்: வன்னியில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிழமை நாட்களில் முன்பள்ளியும் ஞாயிறில் வேதாகம வகுப்பும் எடுக்கிறேன். ஒரு தகரப் பெட்டி நிறையப் படப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அவற்றை இரவலாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். புத்தகம் திரும்பி வரும்போது அம்மாவோ அம்மம்மாவோ கூட வந்து வாசலில் நின்று ஏதாவது கேட்பார்கள். பல வருடமாக அநேகமாக அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பில் கொடுத்திருக்கிறேன். காரணம் 10ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. மிருகம் வாற கிறிஸ்தவப் புத்தகம் எண்டால் என்ன? அது பைபிள் கதையா, கற்பனைக் கதையா?

இரண்டும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. முதல் வகையில் வேதாகமத்தில் உள்ள சம்பவமே கதை. நோவாவின் புறா, தானியேலின் சிங்கங்கள், பேதுரு மறுதலித்தபோது கூவின சேவல் எல்லாம் அதில் அடங்கும். இரண்டாவது வகையில் சம்பவம் வேதாகமத்தில் உள்ளது, ஆனால் சொல்கிற வாய் மிருகத்தின் வாய். குருத்தோலை ஞாயிறை இயேசுவைச் சுமந்த கழுதைக்குட்டி சொல்வதுபோல எழுதுவார்கள். மூன்றாவது முழுக் கற்பனை. ஒரு முயலோ அணிலோ மன்னிக்கப் பழகும், பகிர்ந்து சாப்பிடப் பழகும்.

கையில் இருப்பது எந்த வகை என்று வாசிக்கத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். "இது நடந்தது", "இது நடந்ததைக் கழுதை சொல்வதுபோல எழுதினது", "இது சும்மா ஒரு கதை." நாலு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். கீழே வரும் பல சிக்கல்கள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் வருகின்றன.

2. மிருகம் கதைக்கிறது பொய்தானே ரீச்சர்? பொய் சொல்லாதே எண்டு படிப்பிச்சுப்போட்டு நாங்களே பொய் வாசிச்சுக் காட்டலாமோ?

இதைக் கேட்கிறவர்கள் பக்தியோடு கேட்கிறார்கள், அதனால் நானும் பொறுமையாகச் சொல்வேன். பிலேயாமின் கழுதை பேசியதாக வேதாகமத்திலேயே இருக்கிறது (எண்ணாகமம் 22). மூன்று முறை அடிவாங்கின பிறகு அது எசமானைப் பார்த்து, என்னை ஏன் அடித்தாய் என்று கேட்கிறது. நியாயாதிபதிகள் 9இல் யோதாம் மலையில் ஏறி நின்று ஒரு கதை சொல்கிறான். அதில் மரங்கள் தங்களுக்கு ராஜா தேடிப்போகின்றன. ஒலிவ மரம் மறுக்கிறது, அத்தி மறுக்கிறது, திராட்சைச்செடி மறுக்கிறது, கடைசியில் முட்செடி ஒத்துக்கொள்கிறது. மரம் பேசாது என்று யோதாமுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். அங்கே ஒருவரும் ஏமாறவில்லை.

பொய் என்றால் கேட்பவனை ஏமாற்றச் சொல்வது. கதை என்றால் இரண்டு பேரும் தெரிந்துகொண்டே நடப்பது. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்ன கதையும் (2 சாமுவேல் 12) அப்படித்தான். ராஜாவின் குற்றத்தை நேராகச் சொல்லியிருந்தால் அது அவர் காதில் ஏறியிருக்காது.

3. எத்தனை வயசில இருந்து வாசிச்சுக் காட்டலாம்?

மடியில் இருக்கத் தொடங்கின நாளிலிருந்து. இரண்டு வயதில் ஒரு பக்கத்துக்கு ஒரு மிருகமும் அதன் சத்தமும் போதும். நாலு, ஐந்து வயதில் முழுக் கதை கேட்பார்கள். உவமையின் உட்பொருள் ஏழு வயதுக்குப் பிறகுதான் மெதுவாகப் பிடிபடும். அதற்கு முன் "இதிலிருந்து என்ன படிச்சனீ?" என்று கேட்டுத் துளைக்க வேண்டாம்.

4. கடையில வாங்கின புத்தகத்தில செம்மறி பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கு. மகன் "இது ஆடு இல்லை" எண்டு சண்டை பிடிக்கிறான். என்ன சொல்ல?

மகன் சொல்வது சரி. அந்தப் படம் குளிர்நாட்டுச் செம்மறி. எங்கள் வளவுகளில் நிற்பது பெரும்பாலும் வெள்ளாடு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் காணும் செம்மறிக்கும் அப்படிப் பஞ்சு உரோமம் கிடையாது, குட்டை மயிர்தான். இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. பிள்ளை தன் கண்ணால் கண்ட மிருகம் படத்தில் இருந்தால்தான் கதை அதன் வீட்டுக்குள் வரும். காணாத மிருகம் என்றால், கடவுளும் எங்கேயோ தூரத்தில், பனி பெய்கிற ஊரில் இருக்கிறார் என்று ஆகிவிடும். பிள்ளை இதை வாய்விட்டுச் சொல்லாது, ஆனால் நினைக்கும்.

காணாமற்போன ஆட்டின் உவமையை (லூக்கா 15) ஒருமுறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னேன். "உங்கட அப்பாவின்ர பட்டியில நூறு மாடு. பொழுதுபட எண்ணினால் தொண்ணூற்றொன்பது. என்ன செய்வார்?" வகுப்பே எழும்பிவிட்டது. ஒருவன் மணிச்சத்தம் கேட்டுப் போகவேண்டும் என்றான். இன்னொருத்தி, குறி சுட்ட மாடு என்றால் ஆராவது கண்டு சொல்லுவினம் என்றாள். கட்டாக்காலி என்று பிடித்துக் கட்டிவிடுவார்கள், அதற்கு முதல் போகவேண்டும் என்றான் மூன்றாவது பிள்ளை. பாலைமரத்தடி, குளக்கட்டு, வாய்க்கால் கரை என்று எங்கெங்கே தேடவேண்டும் என்று அவர்களே வழி சொன்னார்கள். பிறகு புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பஞ்சுச் செம்மறி இப்போது அவர்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. அதனால் கடைப் புத்தகத்தை எறிய வேண்டாம். "இது அந்த நாட்டு ஆடு, எங்கட ஆடு எப்படி இருக்கும்?" என்று கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

5. எங்கட வீட்டில ஆடுகள் நிக்குது. "வெள்ளாடெல்லாம் நரகத்துக்குப் போகுமோ" எண்டு பிள்ளை அழுகுது.

மத்தேயு 25ஐப் படப் புத்தகமாக்கும்போது வருகிற வினை இது. வலப்பக்கம் சிரிக்கிற செம்மறி, இடப்பக்கம் கறுத்து முறைக்கிற வெள்ளாடு என்று வரைந்துவிடுகிறார்கள். காலையில் தானே குழை வெட்டிப் போட்ட ஆட்டை அந்தப் பக்கத்தில் கண்டால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

அந்த வசனம் ஆடுகளைப் பற்றியதே அல்ல. "மேய்ப்பன் பிரிக்கிறதுபோல" என்று ஒப்புமைதான் சொல்கிறது. பிரிக்கப்படுவது மனிதர்கள், அதுவும் பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தார்களா இல்லையா என்பதை வைத்து. அதோடு, பஸ்காவுக்கு எடுக்கும் குட்டியைச் செம்மறிகளிலாவது வெள்ளாடுகளிலாவது எடுக்கலாம் என்று யாத்திராகமம் 12:5 சொல்கிறது. வெள்ளாட்டைக் கடவுள் தள்ளிவைக்கவில்லை. அழுகிற பிள்ளைக்கு இந்த விளக்கம் எல்லாம் வேண்டாம். "உன்ர ஆட்டில கடவுளுக்குக் கோபமே இல்லை" என்று சொல்லி, அதற்குத் தண்ணி வைக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளாட்டைக் கெட்டவனாகக் காட்டுகிற புத்தகத்தை நான் என் பெட்டியில் வைப்பதில்லை.

6. யோனாவை விழுங்கினது திமிங்கிலமோ மீனோ?

"ஒரு பெரிய மீன்." வேதாகமம் அவ்வளவுதான் சொல்கிறது. முல்லைத்தீவுக் கரைப்பிள்ளைகள் திமிங்கிலம் மீன் இனமே இல்லை என்று திருத்துவார்கள், திருத்த விடுங்கள். பல புத்தகங்கள் மீன் கக்கியதோடு முடிந்துவிடுவதுதான் எனக்குக் குறை. நினிவேயில் மாடு ஆடுகளும் இரட்டு (சாக்குத் துணி) உடுத்து உபவாசம் இருந்ததும், இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தோடு "அநேக மிருகஜீவன்களுக்காகவும்" கடவுள் பரிதபிப்பதும் பிறகுதான் வருகின்றன. மிருகங்கள் வரும் புத்தகம் அந்த இடத்தை விடலாமா?

7. தொழுவத்தில மாடும் கழுதையும் நிண்டதெண்டு பைபிளில எங்க இருக்கு?

நற்செய்தி நூல்களில் இல்லை. லூக்கா முன்னணையை, அதாவது தீவனத் தொட்டியை, மட்டும் சொல்கிறார். "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்" என்று ஏசாயா 1:3இல் இருப்பதை வைத்துத்தான் பழைய காலத்திலேயே இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துப் பிறப்புக் காட்சி அமைத்தார். படம் பிழை இல்லை, இரண்டாம் வகையோடு சேர்த்து எண்ணுங்கள்.

கழுதை என்றதும் மன்னார்ப் பிள்ளைகளுக்கு முகம் மலரும். அங்கே நகரத்துக்குள்ளேயே கழுதைகள் திரிகின்றன. பல கழுதைகளின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கறுத்தக் கோடு, சிலுவை போல இருக்கும். இயேசுவைச் சுமந்ததால் வந்தது என்று ஒரு கதை உண்டு. அது வேதாகமத்தில் இல்லை. ஆனால் பிள்ளை வீதியில் கழுதையைக் கண்டு கல்லெறியாமல் கிட்டப்போய் முதுகைப் பார்க்கும், எனக்கு அது பெரிய காரியம்.

8. காகம், நரி எல்லாம் ஏன் எப்பவும் கள்ளராவே வருது?

பழைய மிருகக் கதைகளின் பழக்கம் அது. வேதாகமத்தில் அப்படி இல்லை. லேவியராகமம் காகத்தை அசுத்தமான பறவை என்று ஒதுக்குகிறது. பிறகு பஞ்ச காலத்தில் அதே காகங்கள்தான் எலியாவுக்குக் காலையிலும் மாலையிலும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுக்கின்றன (1 இராஜாக்கள் 17). ஒதுக்கப்பட்ட பறவையின் அலகிலிருந்து தீர்க்கதரிசி சாப்பிடுகிறார். அடுத்த வீட்டில் விரத நாளில் காகத்துக்குச் சோறு வைப்பதைப் பார்த்து வளர்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, காகம் சோறு கொண்டுவந்த கதை சட்டென்று பிடிக்கும்.

நரியும் அப்படித்தான். இயேசு ஏரோதை நரி என்றார். "நரிகளுக்குக் குழிகளும் ஆகாயத்துப் பறவைகளுக்குக் கூடுகளும் உண்டு" என்று நரியின் வீட்டையும் அவர் பார்த்து வைத்திருந்தார்.

9. எங்கட முன்பள்ளியில சைவப் பிள்ளையளும் படிக்கினம். பாம்பைச் சாத்தானா வரைஞ்ச புத்தகத்தை அங்க வாசிக்கலாமோ?

நான் வாசிப்பதில்லை. புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோவிலுக்குப் பொங்கலுக்குப் போய்வந்த பிள்ளை என் பாயில் இருக்கிறது. அதன் வீட்டில் கும்பிடுகிற உருவத்தைப் பிசாசு என்று நான் காட்டினால், அந்தப் பிள்ளைக்கு ஏதேன் தோட்டம் விளங்காது, அவமானம் மட்டும் விளங்கும். முன்பள்ளிக்கு மூன்றாம் வகைக் கதைகளையும் நோவா, எறும்பு, ஊர்க்குருவி போன்றவற்றையும் எடுப்பேன், அதுவும் பெற்றோரிடம் முதலில் புத்தகத்தைக் காட்டிவிட்டுத்தான். ஆதியாகமம் 3ஐ ஞாயிறு வகுப்புக்கு வைத்துக்கொள்வேன். மன்னார், முள்ளியவளைப் பக்கம் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் பன்றி வரும் பக்கங்களையும் அப்படியே யோசித்து எடுங்கள்.

ஞாயிறு வகுப்பிலும் பாம்பு எல்லாம் சாத்தான் என்று விட்டுவிடக் கூடாது. மோசே வனாந்தரத்தில் உயர்த்தின வெண்கலச் சர்ப்பத்தைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள், இயேசு அதைத் தமக்கே உவமையாகச் சொன்னார் (யோவான் 3:14). சிங்கத்துக்கும் இதே கதிதான். கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசு என்று 1 பேதுரு 5இல் வரும், யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று கிறிஸ்துவே வெளிப்படுத்தல் 5இல் வருவார். இங்கே சிங்கத்துக்கும் புலிக்கும் வேறு அர்த்தங்களும் இருப்பதால் படத்தை நான் பார்த்துத்தான் எடுப்பேன். வன்னிக் காட்டில் இருப்பது சிறுத்தை. கற்பனைக் கதைக்கு அதுவே போதும்.

10. அவர் கத்தோலிக்கம், நான் மெதடிஸ்த. வீட்டில ரெண்டு பைபிள். புத்தகத்தில எந்தச் சொல்லைப் பாவிக்கிறது?

உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் எண்ணாகமம், கத்தோலிக்க பைபிளில் எண்ணிக்கை. ஒன்றில் சங்கீதம், மற்றதில் திருப்பாடல்கள். பிலேயாம் அங்கே பிலயாம். படப் புத்தகத்தில் "கடவுள்", "ஆண்டவர்", "இயேசு" என்று எழுதினால் இரண்டு வீட்டிலும் சரிவரும். வசனத்தை மனப்பாடம் செய்யப் பழைய மொழிபெயர்ப்பின் ஓசை பிள்ளைகளின் நாக்கில் நன்றாக ஏறுகிறது, அதனால்தான் நான் அதை எடுத்தேன். "மிருகங்களைக் கேட்டுப்பார், அவைகள் உனக்குப் போதிக்கும்" என்ற யோபு 12:7ஐ என் வகுப்பில் சின்னவர்களும் சொல்வார்கள்.

இந்தியாவில் அச்சான புத்தகமென்றால் வாசிக்கும்போதே சாவியைத் திறப்பாக்குங்கள், நாற்காலியைக் கதிரையாக்குங்கள். வேதவசனத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

11. எங்கட நாய் செத்துப்போச்சு. மோட்சத்தில நாய் இருக்குமோ எண்டு மகள் கேக்கிறாள்.

"இருக்கும்" என்று உறுதி கொடுக்கவும் வேண்டாம், "நாய்க்கு ஆத்துமா இல்லை" என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். வேதாகமம் சொல்வதைச் சொல்லுங்கள். நோவாவோடு கடவுள் செய்த உடன்படிக்கை உயிருள்ள மிருகங்களோடும் செய்யப்பட்டது. "மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்" என்று சங்கீதம் 36இல் இருக்கிறது. கத்தோலிக்க வீடு என்றால் அவர்களுடைய பைபிளில் உள்ள தோபித்து நூலில் தோபியாவின் பின்னால் பயணம் முழுக்க ஒரு நாய் போவதைக் காட்டுங்கள். அந்த நாய்க்குப் பெயரும் இல்லை, வேலையும் இல்லை, சும்மா கூடப் போகிறது. நாயைப் புதைத்த இடத்தில் ஒரு பூமரம் வைக்க மகளை விடுங்கள்.

12. நாங்களே ஒரு புத்தகம் செய்யலாமோ? காசு முடியாது.

செய்யலாம். 4 ஏ4 தாளை நடுவால் மடித்தால் 16 பக்கம். நடு மடிப்பில் ஊசியால் மூன்று ஓட்டை போட்டு நூலால் தையுங்கள், ஸ்டேப்ளர் கம்பி மாரியில் கறள் பிடிக்கும். அட்டைக்குப் பிறிஸ்டல் போர்ட். கடையில் வரும் படப் புத்தகங்கள் அநேகமாக 32 பக்கம், வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள்.

படத்தைப் பிள்ளைகளே வரையட்டும். எங்கள் நோவா புத்தகத்தில் யானை வரும் கிராமத்துப் பையன் ஒருவன், பேழைக்குள் யானைக்கும் மற்ற மிருகங்களுக்கும் இடையில் மின்சார வேலி போட்டிருக்கிறான். கரிக்கட்டியால் கம்பிகளை எண்ணி ஐந்து கோடு, ஓரத்தில் ஒரு பற்றரி. அப்படியே விட்டேன். அவன் வீட்டு நெல் போன வருடம் போனது யானையால். அவனுடைய பேழையில் யானைக்கும் இடம் இருந்தது.

இணையத்தில் கிடைக்கிற படத்தை எடுத்து ஒட்டிப் போட்டோக்கொப்பி அடித்து விற்கக் கூடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓவியரின் உரிமை அவர் இறந்து 70 வருடம் வரை உண்டு. கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்விக்குப் பாவிப்பதென்றால் முதலில் பங்குத்தந்தையிடம் காட்டுங்கள்.

13. சுனாமியில எங்கட சனம் போனது. நோவா கதையை எப்பிடி வாசிக்கிறது?

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த ஞாயிறு. இன்றைய பிள்ளைகளுக்கு அது கேள்விப்பட்ட விஷயம். வாசிக்கிற அம்மம்மாவுக்குத்தான் கை நடுங்கும். உங்களால் முடியாவிட்டால் வேறு ஆரையாவது வாசிக்கச் சொல்லுங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை. "கெட்டவர்களை மட்டும் தண்ணி கொண்டுபோனது" என்ற வரி இருந்தால் அதன் பக்கத்தில் நின்று கதையுங்கள். கடற்கரையில் செத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று பிள்ளைக்கு நேராகச் சொல்லவேண்டும். வெள்ளத்தைப் பெரிதாக வரைந்த புத்தகத்தைவிட, ஒலிவ இலையோடு வரும் புறாவுக்கு இரண்டு முழுப் பக்கம் கொடுத்த புத்தகத்தைத் தேடி எடுங்கள்.

14. அந்தப் புத்தகத்தில காணாமற்போன ஆடு கிடைக்குது. எங்கட வீட்டில காணாமற்போனவர் இன்னும் வரேல்லை. பேரன் "ஏன் கடவுள் மாமாவைத் தேடேல்லை" எண்டு கேக்கிறான்.

4ஆம் கேள்வியில் நான் சந்தோஷமாகச் சொன்ன அதே உவமை இது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமலாக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு இருந்த தாய்மாரில் சிலர் என் பிள்ளைகளின் அம்மம்மாக்கள். அவர்களுக்கு "எல்லாம் கிடைக்கும்" என்று நான் வாசித்துக் காட்டமுடியாது.

உவமை இரண்டு இடத்தில் இருக்கிறது. லூக்காவில் மேய்ப்பன் "கண்டுபிடிக்குமளவும் தேடித்திரியானோ" என்று வரும். மத்தேயு 18இல் "அவன் அதைக் கண்டுபிடித்தால்" என்று இருக்கிறது. படப் புத்தகங்கள் லூக்காவின் கடைசிப் பக்கத்தை, தோளில் ஆட்டோடு சிரிக்கிற மேய்ப்பனை, பெரிதாகப் போடுகின்றன. இந்த வீடுகளில் நான் நடுப் பக்கத்தில் நிற்பேன். அங்கே ஆடு இல்லை. இருட்டு, முள், ஒரு மனிதன். தொண்ணூற்றொன்பது இருக்கிறதே என்று அவன் திரும்பிப் போகவில்லை. பேரனுக்கு, "கடவுள் மாமாவைத் தேடுறதை விடேல்லை, அம்மம்மாவும் விடேல்லை" என்று சொல்லலாம். மாமா வருவார் என்று சொல்லாதீர்கள், வரமாட்டார் என்றும் சொல்லாதீர்கள்.

இதைக் கேட்ட அம்மம்மா புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவர். கேட்டுவிட்டு, இன்னும் ஒரு கிழமைக்கு வைத்திருக்கவோ என்றார். மறுபடி பெட்டிக்கு வந்தபோது அந்த நடுப் பக்கத்தின் மூலை விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.